தீவுக்கு எத்தனை மார்க்?

முப்பத்தெட்டு போடலாமா, முப்பத்தொன்பது போடலாமா என்று ரேஸ்காரர் அரை மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசை முழுக்க இருநூற்றுப் பதினாலு கேள்விகள் அடங்கிய படிவம் பரந்து கிடந்தது. அவர் மனைவி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிவந்த குட்டி நாற்காலியை மேசைமேல் ஏற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் மகள் வருகிறாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, இருபத்தெட்டு நாள் லீவில், இரண்டரை வயசுக் குழந்தையோடு. அந்தப் பேத்தியை ரேஸ்காரர் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். பேத்தியும் அவரை அப்படித்தான். தாத்தா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுமாம்.

“இந்தத் தடவையாவது ஊர்ல இருப்பீங்களா?” என்றாள் மனைவி, நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

“அதுக்குத்தானே இவ்வளவு நேரமா யோசிக்கிறேன்” என்றார் அவர்.

ரேஸ்காரர் என்பது தெரு வைத்த பெயர். நேரில் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவர் ஸ்கூட்டரில் போனால் பின்னால் வரும் காய்கறித் தள்ளுவண்டிக்காரர், “சார், கொஞ்சம் ஒதுங்கிக்கிங்க” என்பார். ஆனால் வேலை பார்ப்பது கார்ப் பந்தயச் சம்மேளனத்தில். எங்கள் நாட்டிலும் ஒரு பந்தயம் நடத்துங்கள் என்று விண்ணப்பம் போடுகிற நாடுகளுக்குப் போய், தடத்தை அளந்து, மார்க் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு நாடுகளுக்குப் போயிருக்கிறார். ஒன்றையும் பார்த்ததில்லை. விமான நிலையம், ஓட்டல், தடம், ஓட்டல், விமான நிலையம். அங்கே பந்தயம் நடக்கிற நாளில் அவர் வேறொரு நாட்டில், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று வகுத்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் பந்தய அட்டவணையில் ஒரே ஒரு இடம்தான் காலி. கேட்பது இரண்டு நாடுகள். ஒன்று பாலைவன நாடு. அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று தீவு நாடு. அது ரேஸ்காரர் தலையில் விழுந்தது. இரண்டு பெரிய விமானம், ஒரு பன்னிரண்டு சீட் விமானம் என்று மாறி மாறி ஏறிப் போய்விட்டு நேற்றுதான் வந்து விழுந்திருந்தார்.

தடம் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் போட்டால் அடுத்து என்ன வேலை முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாற்பதுக்குக் கீழே என்றால் ஃபெயில். ஃபெயில் ஆன நாட்டுக்கு யாரும் போக வேண்டியதில்லை. தடம் விலகும் காரை நிறுத்த வளைவுகளின் வெளிப்பக்கம் கொட்டியிருக்கும் ஜல்லி நாலு விரல் ஆழம் குறைவு, ஆம்புலன்ஸ் மெதுவாக வருகிறது, பார்வையாளர்கள் வெயிலில் வாடுகிறார்கள் என்று தேடிப் பிடித்து எழுதினார். முப்பத்தெட்டு என்று போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினார். கையோடு லீவு லெட்டரும் எழுதினார். காரணம்: பேத்தி வருகிறாள்.

பேத்தி வந்தாள். வந்ததும் தாத்தாவைப் பார்த்து அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அப்பா, நீங்க உள்ளே போய் போன்ல கூப்பிடுங்க. அப்பதான் பேசுவா” என்றாள் மகள்.

ரேஸ்காரர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்திலிருக்கும் பேத்தியை வீடியோவில் கூப்பிட்டார். குழந்தை முகமெல்லாம் சிரிப்பாக “தாத்தா” என்றது, பொம்மையைக் காட்டியது, பொம்மைக்கு ஜுரம் என்றது. இரண்டு நாள் தாத்தா பேத்தி உறவு ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தபடி வளர்ந்தது. மூன்றாம் நாள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். நாலாம் நாள் கூடத்துக்கே வந்து போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்தார். குழந்தை கிட்டே வந்து போனைத் தொட்டது. ஐந்தாம் நாள் போனைக் கீழே வைத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

ஐந்தாம் நாள் காலையில் அதே போனில் சம்மேளனத்தின் செயலாளரம்மா கூப்பிட்டார். குரலில் அத்தனை பரிவு. தீவு நாட்டுக்காரர்கள் குறைகளையெல்லாம் சரிசெய்துவிட்டார்களாம். குறை கண்ட அதிகாரியே போய்க் குறை தீர்ந்ததையும் பார்க்க வேண்டும் என்று விதியாம்.

“அப்படி ஒரு விதி இல்லையேம்மா.”

“போன மாசம்தான் சேர்த்தோம் சார். நாலு நாடுகள் புகார் பண்ணாங்க.”

பேத்தி வந்திருக்கிறாள் என்றார் ரேஸ்காரர். லீவு லெட்டரைப் பார்த்தேன் சார், படிக்கவே கஷ்டமாக இருந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு விமானம் என்றார் அம்மையார்.

ஐந்து நாள். தீவின் விளையாட்டு மந்திரி பன்னிரண்டு சீட் விமானத்தின் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இறக்கினார். ஜல்லி நாலு விரல் ஏறியிருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றது. பக்கத்தை நிரப்புவதற்காக எழுதிய அந்த வெயில் வரிக்கு, பார்வையாளர் வரிசை முழுக்கக் கூரை போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் இத்தனையும் செய்தவர்கள் மந்திரிக்குப் பின்னால் கண்ணெல்லாம் சிவந்து வரிசையாக நின்றார்கள். ரேஸ்காரருக்கு மனசு இளகிவிட்டது. இவர்களுக்கே கிடைத்துவிட்டால் தொல்லை விட்டது என்றும் தோன்றியது. எண்பத்தொன்று போட்டார்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் முதல் பாடத்திலிருந்து. குழந்தை மறுபடி அம்மாவின் காலுக்குப் பின்னால். அவர் மறுபடி படுக்கையறையில், கையில் போனோடு. இதற்கிடையில் எதிர்வீட்டு அம்மா தெருவுக்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். பெண் வந்த ஐந்தாம் நாளே மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் என்றால் மாப்பிள்ளை வீட்டோடு ஏதோ மனஸ்தாபம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் அதற்கு மேலும் இரண்டு மடிப்பு வைத்தார். அது சுற்றிவளைத்து மகள் காதுக்கே வந்தது. அவள் சிரித்துவிட்டுத்தான் சொன்னாள் அம்மாவிடம். ஆனால் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

மூன்று நாளில் கதவு திறக்கும் கட்டம் வரை வந்தாயிற்று. செயலாளரம்மா இந்த முறை ஆபீசுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“ரெண்டு சோதனைக்கு நடுவுல முப்பது மார்க்குக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது சார். உங்களுக்கு நாப்பத்து மூணு வந்திருக்கு.”

“அவங்கதான் எல்லாத்தையும் சரிபண்ணிட்டாங்களேம்மா. கூரைகூடப் போட்டுட்டாங்க.”

“நான் உங்களைச் சந்தேகப்படல சார். விதி சந்தேகப்படுது.”

ஆகவே கண்காணிப்பு அதிகாரி ஒருவரோடு மறுபடி போய், அவர் முன்னிலையில் மறுபடி மார்க் போட வேண்டும். ரேஸ்காரர் இரண்டாவது லீவு லெட்டரை நீட்டினார். பேத்தி வந்திருக்கிறாள், இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறாள் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தது. அம்மையார் அதை வாங்கி, பத்திரமாக முதல் லெட்டரின் மேல் வைத்தார்.

வீட்டில் மனைவி துவைத்து மடித்த சட்டைகளை அலமாரிக்குக் கொண்டுபோகாமல் நேரே பெட்டிக்குள் வைத்தாள்.

கண்காணிப்பு அதிகாரி ஒல்லியான மனிதர். பன்னிரண்டு சீட் விமானத்தில் ஏறியதிலிருந்து காகிதப் பைக்குள் முகத்தை வைத்திருந்தார். இறங்கியதும் பையை மடித்துக்கொண்டு கண்காணிக்க ஆரம்பித்தார். மந்திரி ரேஸ்காரரைப் பார்த்துச் சிரித்தால் குறித்துக்கொண்டார். ரேஸ்காரர் பதிலுக்குச் சிரித்தால் நேரத்தோடு குறித்துக்கொண்டார்.

“உங்களுக்கு மட்டும் டீயில ரெண்டு பிஸ்கட் வெச்சிருக்காங்களே, ஏன்?” என்றார்.

“உங்களுக்கு வயிறு சரியில்லைன்னு நீங்கதான் சார் வேண்டாம்னீங்க.”

“அதை நான் எழுதிக்கிறேன். பிஸ்கட்டையும் எழுதிக்கிறேன்.”

இப்படி முழங்கையை ஒட்டியே ஒருவர் நின்றால் எந்த யோக்கியனுக்கும் திருட்டு முழி வந்துவிடும். நாம் விலைபோகவில்லை என்று காட்டியாக வேண்டும்; பழைய எண்பத்தொன்றும் நிற்கக்கூடாது. தடம் முழுக்கக் குறை தேடி நடந்தார். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது வளைவில் ஒரு காகிதக் கோப்பை அவர் காலைத் தாண்டி உருண்டு போனது. ரேஸ்காரர் அதையே பிடித்துக்கொண்டார். ‘மூன்றாவது வளைவில் எதிர்பாராத பக்கக் காற்று, கார்கள் தடம் விலகும் அபாயம்’ என்று எழுதிப் பதினொரு மார்க் போட்டார். கண்காணிப்பு அதிகாரி முதல்முறையாகத் திருப்தியாகத் தலையாட்டினார். மந்திரி அந்தக் காகிதக் கோப்பையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டியோடு வாசலில் நின்றவரைக் குழந்தை பார்த்தது. இந்த முறை ஒளியவில்லை. கையை ஆட்டி “டாட்டா” என்றது.

“இல்லடா தங்கம், தாத்தா வந்துட்டேன்.”

“டாட்டா” என்றது குழந்தை, புரியாதவருக்குப் புரியவைப்பதுபோல.

அன்று மகள் அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, இலேசான குரலில், கரண்டியைப் பார்த்தபடி கேட்டாள். “நாங்க வந்தது உங்களுக்குத் தொந்தரவாப்பா?”

ரேஸ்காரர் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். முப்பத்தெட்டு, எண்பத்தொன்று, பதினொன்று என்று அவர் சொல்லச் சொல்ல, அது அவருக்கே கதை விடுவதுபோல் ஒலித்தது. மகள் “சரிப்பா, சாப்பிடுங்க” என்றாள்.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் பக்கத்து மேசைக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். பாலைவனத்துக்கு ஒரே முறை போய்வந்து, அதற்குப் பிறகு தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிற முகம். எண்ணெய் வைத்தாற்போல் பளபளத்தது.

“அறுபத்தாறு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார் அவர்.

“எதுக்கு அறுபத்தாறு?”

“கீழே போட்டா சரிபண்ணிட்டோம்பாங்க. மேலே போட்டா சந்தேகப்படுவாங்க. அறுபத்தாறு போட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பதினெட்டு வருஷமா எல்லா நாட்டுக்கும் நான் அறுபத்தாறுதான்.”

“போய் அளந்து பாத்துட்டா?”

“போவேன். அளக்க எல்லாம் எதுக்கு?”

ரேஸ்காரர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இருபத்திரண்டு வருஷமாகத் தான் ஏந்தி நடந்த அளவுகோல் நினைவுக்கு வந்தது. முழங்கால் வலியும் கூடவே வந்தது. அடுத்த நாட்டிலிருந்து அறுபத்தாறு என்று முடிவுசெய்தார். ஆனால் அடுத்த நாடு வரவில்லை. தீவே திரும்ப வந்தது. பதினொன்றை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்திருந்தார்கள். எங்கள் மூன்றாவது வளைவில் காற்றே கிடையாது. மார்க் போட்ட அதிகாரியின் முன்னிலையிலேயே அளந்து காட்டுகிறோம் என்று.

மூன்றாவது லீவு லெட்டரை ரேஸ்காரர் நாலு வரியில் முடித்துக்கொண்டார். ‘பேத்தி வந்திருக்கிறாள். எட்டே நாள்தான் இருக்கிறாள். என்னைத் தாத்தா என்று இன்னும் ஒரு தடவைகூட நேரில் கூப்பிடவில்லை. கருணை காட்டவும்.’ செயலாளரம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கருணை காட்ட விதியில் இடம் இல்லை என்று துடைத்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது வளைவில் ஒரு கம்பத்தை நட்டு, உச்சியில் காற்றளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதில் நாலு கிண்ணங்கள். காற்று அடித்தால் சுற்ற வேண்டும். காற்று அடிக்கும்வரை அல்லது முழுசாக மூன்று நாள், எது முன்னால் வருகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். கம்பத்தடியில் இரண்டு நாற்காலி, ஒரு குடை. ஒன்றில் ரேஸ்காரர், ஒன்றில் மந்திரி. முதல் நாள் கிண்ணம் அசையவில்லை. இரண்டாம் நாள் ஒரு காக்கை வந்து உட்கார்ந்ததில் கால் சுற்று சுற்றியது. அது கணக்கில் வராது என்றார்கள். கொஞ்சம் காற்று அடித்துத் தொலைத்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாமே என்று ரேஸ்காரர் வாயாலேகூட ஒரு முறை ஊதிப் பார்த்தார். எட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மந்திரி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு மனசு திறந்தார். தனக்குக் கார்ச் சத்தம் கேட்டாலே தலைவலியாம். வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறதாம். பந்தயம் கிடைக்காவிட்டால் பதவி போய்விடும் என்று ஒரு பயம், கிடைத்துவிட்டால் வருஷாவருஷம் இதே வேலை என்று இன்னொரு பயம். ரேஸ்காரர் குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். உலகத்தில் அந்தப் பந்தயத்தை வேண்டுகிறவர் யாரோ, அவர் அந்த வளைவில் இல்லை.

அறுபத்தாறு போட்டார் ரேஸ்காரர். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் கெட்டிக்காரர்தான்.

போகவர நாலு நாள், காற்றுக்கு மூன்று நாள். ஆகமொத்தம் இருபத்தெட்டில் பதினேழு நாள் தீவுக்கே போயிற்று. மீதியிலும் பாதி, நேரங்கெட்ட நேரத் தூக்கத்தில் போயிற்று. இருபத்தேழாம் நாள் அவர் கண்விழித்தபோது மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் குழந்தை பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது. பாட்டியும் அழுதாள். ரேஸ்காரர் இரண்டடி தள்ளி நின்றார். தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு என்று மகள் சொன்னாள். குழந்தை யோசித்தது. பிறகு சமர்த்தாக அம்மாவின் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தது.

“அடுத்த தடவை நாங்க போன்லயே வந்துடறோம்பா. அதுல நீங்க எப்பவும் ஊர்ல இருக்கீங்க” என்றாள் மகள். இந்த முறையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் ரேஸ்காரர் ஆபீசுக்குள் நுழைந்தபோது அவர் மேசையில் பெரிய பூங்கொத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் கமிட்டியின் முடிவு: காலி இடம் தீவு நாட்டுக்கு, பத்து வருஷத்துக்கு. எதிர்ப்பட்டவர்களெல்லாம் கையைக் குலுக்கினார்கள். கண்காணிப்பு அதிகாரி மட்டும் பூங்கொத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து மேசைக்காரர் முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவருடைய அறுபத்தாறு தோற்றது இதுதான் முதல் தடவையாம்.

ரேஸ்காரருக்குத் தலை சுற்றியது. பாலைவனத்துக்கும் அறுபத்தாறு, தீவுக்கும் கடைசியில் அறுபத்தாறு. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? செயலாளரம்மாவின் அறை பூட்டியிருந்தது. வெளியே, எல்லோருக்கும் விமான டிக்கெட் போடுகிற பெண் உட்கார்ந்திருந்தாள். கமிட்டிக் கூட்டத்தில் குறிப்பு எழுதுவதும் அவள்தான். அவள் தலைநிமிராமலே வாழ்த்துச் சொன்னாள்.

“வாழ்த்து இருக்கட்டும்மா. முப்பத்தெட்டு போட்டேன், எண்பத்தொண்ணு போட்டேன், பதினொண்ணு போட்டேன், அறுபத்தாறு போட்டேன். இதுல எந்த மார்க்கைத்தான் கமிட்டி எடுத்துக்கிச்சு?”

அந்தப் பெண் நிமிர்ந்து, பாவப்பட்டவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

“மார்க்கை யாரு சார் பாத்தாங்க? உங்க லீவு லெட்டர் மூணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ‘பேத்தி வந்திருக்கிற நேரத்துலயே ஒரு மனுஷன் மூணு தடவை அங்கே ஓடிப் போறார்னா, அந்த நாட்டுல ஏதோ இருக்கத்தான் வேணும்’னு ஒரே நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாங்க.”